ராடு மெஷினில் ஃபீடர் மாட்டினால் வயர் ஏன் குத்துகிறது?

துவாக்குடி ஃபிட்டர்:
அண்ணன்மார்களே, ஒரு சந்தேகம். வெல்டிங் வயரைத் தள்ளிக் கொடுக்கும் பழைய சூட்கேஸ் ஃபீடர் ஒன்றை முதலாளி எங்கிருந்தோ வாங்கிப் போட்டார். பட்டறையில் 400 ஆம்ப்ஸ் சிஓ2 ரெக்டிஃபையரில் (கேஸோடு வயர் ஓட்டும் வெல்டிங் மெஷின்) மாட்டினால் அருமையாக ஓடுகிறது. போன வாரம் ஷெட் வேலைக்கு சைட்டுக்குக் கொண்டுபோய், அங்கே ராடு (கையால் பிடித்து அடிக்கும் எலெக்ட்ரோடு) அடிக்கிற ரெக்டிஃபையரில் சொருகினோம். அதே 1.2 எம்எம் சாலிட் வயர், அதே கேஸ், அதே கை. டிரிகரை அமுக்கினால் வயர் போய்ப் பிளேட்டில் குத்தி டார்ச்சையே பின்னால் தள்ளுகிறது, சரி என்று கொஞ்சம் தூக்கினால் சர்ரென்று எரிந்து மேலே ஏறி டார்ச் முனையில் உள்ள டிப்போடு ஒட்டிக்கொள்கிறது. அரை நாளில் ஆறு டிப் காலி. மெஷின் கோளாறா, ஃபீடர் கோளாறா?

பழைய கை:
ரெண்டும் நல்லாத்தான் இருக்கிறது தம்பி, ஜோடிதான் சேரவில்லை. ராடு மெஷின் சிசி, அதாவது கான்ஸ்டன்ட் கரண்ட். ஆம்ப்ஸைப் பிடித்து வைத்துக்கொண்டு வோல்ட்டை அதன் போக்கில் விட்டுவிடும், கை ஆடினாலும் ராடு ஒரே மாதிரி உருகட்டும் என்று அப்படிச் செய்தது. சிஓ2 மெஷின் சிவி, அதாவது கான்ஸ்டன்ட் வோல்டேஜ், அது வோல்ட்டைப் பிடிக்கும். அதில் டார்ச்சைத் தூக்கினால் ஆம்ப்ஸ் தானாக இறங்கும், வயர் பிளேட்டைத் தொட்டால் ஆம்ப்ஸ் எகிறி நுனியை அறுத்துவிடும். ராடு மெஷினில் அந்த எகிறல் போதுமான அளவு வராது, உன் வயர் குத்துவது அதனால்தான்.

ஃபீடர் மூடியைத் திறந்து பார். எல்என்-25 ப்ரோ மாதிரி ஃபீடர்களில் உள்ளே சிசி, சிவி என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். சிசியில் போட்டால் ஃபீடர் ஆர்க் வோல்ட்டைப் பார்த்து வயர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். அப்புறம் குமிழ் கணக்கு தலைகீழ்: ஆம்ப்ஸ் மெஷினில், ஆர்க் நீளம் ஃபீடரில். ஆனால் 1.2 சாலிட் வயரை 18, 20 வோல்ட்டில் ஷார்ட் ஆர்க்காக ஓட்டலாம் என்று ஆசைப்படாதே. நொடிக்குப் பல பத்து தடவை தொட்டு அறுகிற ஆர்க் அது, மோட்டார் எங்கே அந்த வேகத்துக்குத் திரும்பும்? ஃபிளக்ஸ் கோர் வயர் (உள்ளே ஃபிளக்ஸ் பவுடர் அடைத்த வயர்) போட்டு 200 ஆம்ப்ஸ் பக்கம் போனால் சமாளிக்கலாம். அதில் கேஸோடு ஓடும் 71டி-1 ரகம் என்றால் டார்ச் பாசிட்டிவ், கேஸ் இல்லாத 71டி-11 என்றால் டார்ச் நெகட்டிவ். வயரைத் தள்ளும் ரோலையும் பல் வைத்ததாக மாற்ற மறக்காதே.

சைட் எலெக்ட்ரீஷியன்:
ஃபீடரில் இருந்து ஒரு சின்ன ஒயர் கிளிப்போடு தொங்குமே, அதை எங்கே மாட்டினீர்கள்? ஃபீடருக்குக் கரண்டே அது வழியாகத்தான். பெயின்ட் மேல் கடித்துக்கொண்டு இருந்தால் மோட்டார் விக்கி விக்கித்தான் ஓடும். கேபிளையும் பாருங்கள். 50 ஸ்கொயர் எம்எம் காப்பர், போக 30 மீட்டர், வர 30 மீட்டர் என்றால் 200 ஆம்ப்ஸில் 4 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும்.

இன்னொன்று. மெஷினையும் ஃபீடரையும் இணைக்கும் கன்ட்ரோல் கேபிள் இல்லாமல் ஓட்டும்போது மெஷின் எப்போதும் ஆனில்தான் இருக்கும். ஃபீடருக்குள் கான்டாக்டர் (கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லாத பழைய மாடல் என்றால் டிரிகரை விட்டாலும் வயர் நுனியில் 70, 80 வோல்ட் நிற்கும். மழை ஈரத்தில் விளையாடாதீர்கள். கன்ட்ரோல் கேபிள் உள்ள ஃபீடரை வேறு கம்பெனி மெஷினில் சொருகுவதும் வேண்டாம். 24, 42, 110 வோல்ட் என்று ஆளுக்கொன்று வைத்திருக்கிறான், நான் ஒரு போர்டை எரித்துவிட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

க்யூசி ஆள்:
ஓடுகிறதா என்பது ஒரு பக்கம். வேலை ஏடபிள்யூஎஸ் டி1.1 (ஸ்டீல் கட்டுமான வெல்டிங்குக்கான அமெரிக்கக் கோட்) என்றால், தனி டெஸ்ட் இல்லாமலே ஏற்கப்படும் முன்தகுதி டபிள்யூபிஎஸ்ஸில் (எழுதி வைத்த வெல்டிங் முறை) ஃபிளக்ஸ் கோரோ மிக்கோ (கேஸோடு சாலிட் வயர்) செய்ய சிவி மெஷின்தான் வேண்டும் என்று கோடிலேயே இருக்கிறது. சிசியில் ஓட்டிவிட்டு இன்ஸ்பெக்டரிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

துவாக்குடி ஃபிட்டர்:
ஸ்விட்ச் சிவியில்தான் இருந்தது, கிளிப் பிரைமர் அடித்த பர்லின் (கூரைச் சட்டம்) மேல்! ஃபைல் போட்டுத் தேய்த்து மாட்டி, சிசிக்கு மாற்றி, 71டி-1 வயரில் 210 ஆம்ப்ஸ் வைத்தேன். கீழே வைத்து ஓட்டும் ஃபில்லட் (மூலை வெல்டு) நன்றாகவே வருகிறது, ஸ்பேட்டர் (தெறிக்கும் உலோகத் துளி) மட்டும் பட்டறையைவிடக் கூடுதல். ரூட்டுக்கு (இடுக்கில் போடும் முதல் வெல்டு) ராடுதான் அடிக்கிறோம். இந்த வேலைக்குக் கோட் எதுவும் கேட்கவில்லை, அடுத்த மாத வேலைக்குக் கேட்பார்கள். அதற்குள் சிவியும் வருகிற டீசல் வெல்டிங் செட் ஒன்றை வாடகைக்கு எடுக்கச் சொல்லி முதலாளி காதில் போட்டிருக்கிறேன்.