சிவப்பு மாட்டுத் தட்டு

குழு: அம்மம்மா வீடு (கல்லடி)

ஞாயிறு, காலை

நான்: அம்மம்மாவின் அலுமாரியைத் துப்புரவாக்குகிறோம். அடித்தட்டில் இது கிடந்தது. (படம்) இரண்டு பாட்டுத்தட்டு, பழைய பேப்பரில் சுற்றியபடி. மட்டை உறை இல்லை. நடுவில் ஒரு சிவப்பு மாடு. யாருடையது?

அம்மா: கேட்காமல் ஒன்றையும் எறிந்துபோடாதே.

கொழும்புத் தம்பி: மாடா? பால்மாக் கம்பனி பாட்டும் போட்டதா? 😄

சின்ன மாமா: அது அண்ணன்ட தட்டு. சுனாமித் தண்ணிக்குள் கிடந்து எடுத்தது. மட்டை கூழாய்ப் போயிற்று. தட்டை நான்தான் கிணற்றடியில் வைத்துக் கழுவினேன்.

டொரோன்டோ மாமா: பிள்ளை, அந்த மாட்டுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கு? கிட்டப் பிடித்து ஒரு படம் போடு.

நான்: லேபிள் பாதி ஊறி வெளிறிவிட்டது மாமா. 'ஆர்.எஸ்.ஓ.' தெரிகிறது. மறுகா 'டைம்ஸ் ஸ்க' மட்டும். கீழே சின்ன எழுத்தில் 'ராக்ஸி மியூசிக்'.

டொரோன்டோ மாமா: கடவுளே! டைம்ஸ் ஸ்கொயர்! கடலோடு போய்விட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். தம்பி, நீ ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

சின்ன மாமா: நீங்கள் கேட்கவில்லையே.

பெரியம்மா: அனைவருக்கும் இனிய ஞாயிறு வணக்கம் 🌺🌺

கொழும்புத் தம்பி: என்ன படம் மாமா அது? கேள்விப்பட்டதே இல்லை.

டொரோன்டோ மாமா: 1980இல் வந்த அமெரிக்கப் படம். ஆஸ்பத்திரியில் சந்தித்த இரண்டு பெட்டைகள் அங்கேயிருந்து தப்பி நியூயோர்க் தெருவில் வாழ்ந்து, ஒரு பாட்டுக் குழு தொடங்குகிறார்கள். ஒருத்தியின் அப்பா அந்த டைம்ஸ் ஸ்கொயரையே 'துப்புரவாக்க' வெளிக்கிட்ட அரசியல்வாதி. டிம் கறி வானொலி அறிவிப்பாளராக வருவார். படம் ஓடவில்லை. ஆனால் பாட்டுத்தட்டு ஒரு அதிசயம்.

அதைத் தயாரித்தவர் ராபர்ட் ஸ்டிக்வுட். அந்த மாடு அவருடைய ஆர்.எஸ்.ஓ. கம்பனியின் சின்னம், ஜப்பானில் அதிர்ஷ்டத்துக்கு வைக்கிற தலையாட்டி மாட்டுப் பொம்மை. 1977இல் சாட்டர்டே நைட் ஃபீவர், 1978இல் கிரீஸ், இரண்டிலும் இரட்டைத் தட்டுப் போட்டுக் கோடி கோடியாகப் பணம் பார்த்தவர். டிஸ்கோ முடிகிற நேரம், அடுத்து நியூ வேவ்தான் விலைபோகும் என்று கணக்குப் போட்டார். இன்னொரு இரட்டைத் தட்டு வேண்டும், அதற்குப் படத்தில் இன்னும் பாட்டு வேண்டும் என்று நெருக்கினார். இயக்குநர் அலன் மோய்ல் இடையில் விலக நேர்ந்தது. அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் இடையிலிருந்த நெருக்கத்தைக் காட்டிய இடங்களும் வெட்டுப்பட்டுப் போயின.

கொழும்புத் தம்பி: அப்போ வியாபாரத்துக்காகப் படத்தைக் கெடுத்த தட்டு. அதில் என்ன அதிசயம்?

டொரோன்டோ மாமா: அதுதான் மனே அதிசயம்! காசுக்காகச் சேர்த்தவர், தெரிந்தோ தெரியாமலோ 1980ஆம் ஆண்டை அப்படியே இரண்டு தட்டில் அடைத்துவிட்டார். டாக்கிங் ஹெட்ஸ், ராமோன்ஸ், பிரிட்டெண்டர்ஸ், கேரி நியூமன், தி கியூர், ஜோ ஜாக்சன், தி ரட்ஸ். எக்ஸ்.டி.சி. இந்தப் படத்துக்கென்றே 'டேக் திஸ் டவுன்' செய்து கொடுத்தார்கள். இவர்களில் பாதிப்பேரை அப்போது மட்டக்களப்பில் யாருக்குத் தெரியும்? எனக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுப் பறங்கியர் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போது, "இதை உன் தலையில் கட்டுகிறோம்" என்று தந்துவிட்டுப் போனார்கள். ஒரே தட்டில் இத்தனை பேரையும் பழகிக்கொண்டேன்.

நான்: நியூ வேவ் என்றால் என்ன மாமா, சுருக்கமாக?

டொரோன்டோ மாமா: பங்க் ராக் இசையின் அவசரம் இருக்கும், ஆனால் காட்டுக்கத்தல் குறைவு. சின்தசைசர் வரும், ஆடலாம், பாடுகிறவர் கொஞ்சம் படபடப்போடு இருப்பார். முதலில் நியூமன் பாட்டைக் கேள். மனிதக் குரலா இயந்திரமா என்று சந்தேகம் வரும்.

கொழும்புத் தம்பி: சரி, எல்லாம் ஸ்பாட்டிஃபையில் இருக்கும். 20 பாட்டுத்தானே, ஒரு பட்டியல் போட்டுவிட்டால் முடிந்தது. இதற்கு ஏன் தட்டு?

டொரோன்டோ மாமா: போட்டுப் பார். முடித்துவிட்டுச் சொல்.

சின்ன மாமி: இந்தத் தட்டா? கல்யாணமாகி வந்த புதிதில் இவர் இதன் கசெட்டைப் போட்டால், "பேய்க்கூத்தை நிறுத்து" என்று குசினிக்குள் இருந்து அம்மம்மா ஏசுவார். நான் ஒன்றும் தெரியாத மாதிரித் தேங்காய் துருவிக்கொண்டிருப்பேன். எனக்கு உள்ளுக்குள் பிடிக்கும்.

சின்ன மாமா: இதை நீ எனக்கே சொல்லவில்லையே!

சின்ன மாமி: கேட்டீர்களா?

சின்ன மாமா: அண்ணன் கனடா போகமுன் 90 நிமிடக் கசெட்டில் பதிந்து தந்துவிட்டுப் போனார். 1990க்குப் பிறகு அதுதான் எனக்குத் துணை. மின்சாரம் இல்லாத இரவில் பேட்டரியைப் போட்டு, சத்தத்தை நன்றாகக் குறைத்து, ரேடியோவைக் காதோடு வைத்துக் கேட்பேன். டாக்கிங் ஹெட்ஸின் 'லைஃப் டியூரிங் வார்டைம்' இருக்கிறதே, அதில் பாடுகிறவன் ஒளிந்து திரிகிறான். பகலில் படுத்து இரவில் வேலை செய்கிறான். தன் கொப்பிகளையெல்லாம் எரித்துவிட்டேன் என்கிறான். நியூயோர்க்கில் இருந்துகொண்டு கற்பனையில் எழுதியது. நான் கொப்பி எரித்தது எங்கள் வீட்டுப் பின்கோடிக்குள், தென்னோலைக் குப்பையோடு. டயரி, நண்பர்களின் கடிதம், படம் எல்லாம். அந்தப் பாட்டுக்கு அவர்கள் ஆடுவார்கள். எனக்குக் கால் அசையாது, ஆனாலும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

அம்மா: அந்தக் கதை இப்ப வேண்டாம் தம்பி. பிள்ளைகள் இருக்கிற குழு.

சின்ன மாமா: சரி அக்கா.

நான்: இல்லை மாமா, சொல்லுங்கள். எங்களுக்கு யார் சொல்வது?

சின்ன மாமா: பிறகு நேரில் சொல்கிறேன் பிள்ளை.

ஞாயிறு, இரவு

கொழும்புத் தம்பி: மாமா, பட்டியல் போட்டேன். பெரிய ஆட்கள் எல்லாரும் கிடைத்துவிட்டார்கள். படத்தில் நடித்த அந்த இரண்டு பிள்ளைகளும் பாடியவைதான் சிக்கல். யாரோ தட்டிலிருந்து ஏற்றிய கரகரப் பிரதிதான் கிடைத்தது.

டொரோன்டோ மாமா: ஆ! அந்தப் பாட்டுகள்தான் தட்டின் உயிர். ராபின் ஜான்சன், டிரினி அல்வராடோ. இரண்டு பேரும் அப்போது பதின்வயதுப் பிள்ளைகள். 'யுவர் டாட்டர் இஸ் வன்' கேட்டாயா?

கொழும்புத் தம்பி: கேட்டேன். என்ன மாமா இப்படிக் கெட்ட வார்த்தை!

டொரோன்டோ மாமா: அது வானொலியில் நேரடியாக அப்பாவுக்குச் சொல்கிற பதில். கறுத்தவர், வந்தேறி, தெருவில் படுப்பவர் என்று ஊர் எவரையெல்லாம் கேவலமாக ஏசுமோ அந்தச் சொற்களை வரிசையாகச் சொல்லி, உன் மகளும் அதில் ஒருத்திதான் என்று முடிக்கிறாள். இன்றைக்குக் கேட்டால் காது கூசும். கூசத்தான் வேண்டும். வேறு எந்தப் பாட்டுக்காரரும் அந்த அப்பாவிடம் அதைச் சொல்ல முடியாது. அப்புறம் 'டாம் டாக்'. ராபின் ஜான்சனின் குரல் கரடுமுரடாக, தொண்டை கிழியக் கிழிய வரும். வேல்ஸ் நாட்டு மானிக் ஸ்ட்ரீட் பிரீச்சர்ஸ் 1992இல் தங்கள் முதல் ஆல்பத்தில் அதைத் திரும்பப் பாடினார்கள். ஓடாத படத்தின் பாட்டு எங்கேயோ ஒரு சின்ன ஊர்ப் பொடியன்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது பார்.

நான்: பிறகு ஏன் மாமா இது லேசில் கிடைப்பதில்லை?

டொரோன்டோ மாமா: ஒவ்வொரு பாட்டும் ஒவ்வொரு கம்பனியின் சொத்து. டாக்கிங் ஹெட்ஸ், ராமோன்ஸ் சயர் கம்பனி. எக்ஸ்.டி.சி. வர்ஜின். ஜோ ஜாக்சன் ஏ அண்ட் எம். லூ ரீட் ஆர்.சி.ஏ. பாட்டி ஸ்மித் அரிஸ்டா. 1980இல் ஸ்டிக்வுட்டிடம் பணமும் செல்வாக்கும் இருந்தது, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார். ஓடாத ஒரு படத்துக்காக அத்தனை வாசலிலும் திரும்ப ஏறி இறங்க யாருக்கு மனம் வரும்?

எல்லாம் தங்கம் என்றும் சொல்லமாட்டேன். பீ ஜீஸ் குழுவின் ராபின் கிப், மார்சி லீவியோடு சேர்ந்து பாடிய 'ஹெல்ப் மீ' அந்தக் கூட்டத்துக்குள் நிற்கவே கூடாது. ஸ்டிக்வுட் பீ ஜீஸின் மேலாளர், அதுதான் காரணம். அதன் ஊசிப் பாதை மட்டும் தேயாமல் புதிதாக இருக்கும், பார்.

சின்ன மாமி: எனக்கு அந்தப் பாட்டுத்தான் பிடிக்கும்.

டொரோன்டோ மாமா: 🤦🏾

நான்: தட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது. ஈரத்துணியால் துடைக்கவா?

டொரோன்டோ மாமா: உப்பாக இருக்கும். உலர்ந்த துணி போடாதே, கீறிவிடும். காய்ச்சி வடித்த தண்ணியில் பாத்திரம் கழுவும் சோப் ஒரு சொட்டு. மென்மையான துணியால் வட்டத்தோடு வட்டமாகத் துடை, குறுக்கே இழுக்காதே. லேபிளில் தண்ணி படக்கூடாது, இருக்கிற எழுத்தும் போய்விடும். காய்ந்ததும் நிமிர்த்தி வை. ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் வளைந்துவிடும்.

சின்ன மாமா: புளியந்தீவில் ஒருவரிடம் ஓடுகிற பிளேயர் இருக்கிறது. கேட்டேன், செவ்வாய்க்கிழமை கொண்டு வரச் சொன்னார். ஊசி புதிதாம்.

கொழும்புத் தம்பி: மாமா, கணினியில் பதிந்து எடுங்கள். நான் பாட்டுப் பாட்டாக வெட்டி, கரகரப்பை நீக்கித் தருகிறேன்.

டொரோன்டோ மாமா: வெட்டாதே! நாலு பக்கத்தையும் நாலு கோப்பாகவே விடு. ராமோன்ஸ் முடிந்த மூச்சோடு அந்தப் பிள்ளையின் குரல் வர வேண்டும். கரகரப்பும் இருக்கட்டும்.

கொழும்புத் தம்பி: 'ஹெல்ப் மீ'யையும் விடவா?

டொரோன்டோ மாமா: விடு. மாமி கேட்பா.

சின்ன மாமா: பிரதி முதலில் எனக்கு. பழைய கசெட் நாடா எப்போதோ அறுந்துபோயிற்று.

அம்மா: எல்லாம் சரி, அலுமாரியின் மற்றத் தட்டுகளை யார் துடைப்பது?