புதுப்பிப்பு: புது எஸ்எஸ்டியில் லினக்ஸ் பூட் ஆகிவிட்டது

பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்த டெபியன் லினக்ஸை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல் கொண்டு புது எஸ்எஸ்டிக்கு நகலெடுத்தேன், பழையதைக் கழற்றியதும் பூட் ஆகவில்லை என்று கேட்டிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது. எஸ்எஸ்டியில் கோளாறே இல்லை.

புதிதாக ஃபார்மேட் செய்த பார்ட்டிஷனுக்கு (டிஸ்க்கில் பிரித்த பகுதிக்கு) புது யூயூஐடி, அதாவது அதை அடையாளம் காட்டும் தனி எண், வந்துவிடுகிறது. எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பும், லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப் நிரலின் அமைப்பும் பழைய எண்ணையே தேடிக்கொண்டிருந்தன. கணினியை முதலில் தொடங்கும் மதர்போர்டு மென்பொருளான யூஇஎஃப்ஐ-யில் இருந்த பூட் பதிவும் கழற்றிய டிஸ்க்கைத்தான் காட்டியது.

லைவ் யூஎஸ்பியை (நிறுவாமலே லினக்ஸ் ஓடும் பென்டிரைவ்) யூஇஎஃப்ஐ முறையில் பூட் செய்து, பிஎல்கேஐடி கட்டளை காட்டிய புது எண்களை எஃப்எஸ்டேப்பில் எழுதினேன். அப்புறம் சிஎச்ரூட் கட்டளை மூலம் எஸ்எஸ்டியில் உள்ள டெபியனுக்குள் போய் கிரப்-இன்ஸ்டால், அப்டேட்-கிரப் கட்டளைகள் இரண்டையும் ஓட்டினேன். முதல் தடவை, பூட் கோப்புகள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனை மவுண்ட் செய்ய (இணைக்க) மறந்துவிட்டேன். பிழைச் செய்தி புரியாமல் அதிலேயே அரை நாள் போனது. இதே சிக்கலில் இருப்பவர்கள் முதலில் அந்தப் பார்ட்டிஷன் மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய டிஸ்க்கை இப்போதைக்கு அழிக்காதே என்று சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி.