ஆளுநர் பதவி பாதியில் காலியானால் அமெரிக்காவில் தேர்தல், புதுச்சேரியில் நியமன உத்தரவு: இந்த வேறுபாடு ஏன்?

கேள்வி (ஆசிரியை, முத்தியால்பேட்டை)

அனைவருக்கும் வணக்கம். மாலை வேளைகளில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் சொல்லித் தருகிறேன். சென்ற வாரம் ஆளுநர் பற்றிய பாடத்தை நடத்தியபோது ஒரு மாணவி எழுந்து, "அமெரிக்காவில் கவர்னர் பாதியில் போய்விட்டால் லெப்டினன்ட் கவர்னர் அந்த இடத்துக்கு வருவாராம், சில மாநிலங்களில் தேர்தலே வைப்பார்களாம், நம் ஊரில் லெப்டினன்ட் கவர்னர்தானே இருக்கிறார், அப்படியானால் நமக்குக் கவர்னர் எங்கே மிஸ்?" என்று கேட்டாள். எனக்கு உடனே விடை சொல்ல வரவில்லை. அங்கே எப்போது சிறப்புத் தேர்தல் நடக்கிறது, இங்கே ஏன் நடப்பதில்லை என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் அவளுக்குச் சரியான பதிலைக் கொண்டுபோவேன்.

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற விரிவுரையாளர், கடலூர்)

நல்ல கேள்வி கேட்ட பிள்ளைக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். பெயர் ஒன்றாக இருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். அமெரிக்காவில் லெப்டினன்ட் கவர்னர் என்பவர் பெரும்பாலான மாநிலங்களில் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்; ஆளுநர் விலகினாலோ இறந்தாலோ அவர் பொறுப்பேற்று, எஞ்சிய காலத்தைப் பொதுவாக அவரே முடித்துவிடுவார். ஆகவே சிறப்புத் தேர்தல் அங்கேயும் அன்றாட நிகழ்ச்சி அன்று.

அத்தகைய தேர்தல் நடந்த இரண்டு இடங்களை எடுத்துக்கொள்ளலாம். ஒரிகன் மாநிலத்தில் லெப்டினன்ட் கவர்னர் பதவியே கிடையாது. 2015 பிப்ரவரியில் ஜான் கிட்ஸாபர் விலகியபோது மாநிலச் செயலராக இருந்த கேட் பிரவுன் ஆளுநரானார். ஆனால் நான்காண்டுக் காலம் முழுவதையும் அவர் அப்படியே ஆண்டுவிட முடியாது என்பதால், 2016 நவம்பரில் எஞ்சிய இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் தேர்தல் நடந்தது, அதில் அவரே வென்றார்.

மேற்கு வர்ஜீனியாவின் கதை இன்னும் கவனிக்கத்தக்கது. 2010இல் ஆளுநர் ஜோ மேன்சின் அமெரிக்க செனட்டுக்குப் போய்விட்டார். மாநில செனட்டின் தலைவர் ஏர்ல் ரே டாம்ப்ளின் பொறுப்பு ஆளுநராக அமர்ந்து, அடுத்த வழக்கமான தேர்தல் வரும் 2012 வரை அப்படியே தொடரலாம் என்ற நிலை இருந்தது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. பதவி காலியான ஓராண்டுக்குள் புதிய ஆளுநரை மக்கள் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்று 2011 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. அதன்படி 2011 அக்டோபர் 4 அன்று தேர்தல் நடந்தது. டாம்ப்ளின்தான் வென்றார் என்றாலும், பொறுப்பு ஆளுநர் என்று இருந்தவர் மக்களின் வாக்கு பெற்ற ஆளுநரானார். எனக்கு இதுவே முக்கியமாகத் தோன்றுகிறது.

மறுமொழி 2 (வழக்கறிஞர், புதுச்சேரி)

ஐயா சொன்னதோடு நம் பக்கத்தையும் சேர்க்கிறேன். அரசியலமைப்பின் முதல் வரைவில் மாநில ஆளுநரைத் தேர்ந்தெடுக்கும் வழிக்கு இடமிருந்தது. முதலமைச்சரும் மக்களிடம் வாக்கு வாங்கியவர், ஆளுநரும் வாக்கு வாங்கியவர் என்றானால் ஒரே உறையில் இரண்டு கத்திகள் ஆகிவிடும் என்ற அச்சத்தால், 1949 மே மாதத்தில் அரசியல் நிர்ணய சபை அதைக் கைவிட்டு நியமன முறையை ஏற்றது. அமெரிக்க ஆளுநர் தம் மாநில அரசையே நடத்துபவர். அந்த வேலையை இங்கே செய்பவர் முதலமைச்சர். மாணவியிடம் முதலில் இதைச் சொல்லுங்கள், பாதிக் குழப்பம் தீரும்.

மீதிப் பாதி புதுச்சேரிக்கே உரியது. நாம் ஒன்றியப் பிரதேசம் என்பதால் நமக்குக் கவர்னர் என்று தனியாக ஒருவர் இல்லை. துணைநிலை ஆளுநர், அதாவது மாணவி சொன்ன லெப்டினன்ட் கவர்னர்தான், குடியரசுத் தலைவரின் சார்பில் நிர்வாகம் செய்கிறார். 1963ஆம் ஆண்டு ஒன்றியப் பிரதேச அரசாங்கச் சட்டத்தின் 44ஆம் பிரிவுப்படி, அமைச்சரவையோடு கருத்து வேறுபாடு எழுந்தால் அவர் அதைக் குடியரசுத் தலைவரின் முடிவுக்கு அனுப்பலாம். மாநில ஆளுநரைவிட இவருக்குக் கூடுதல் பிடி இருக்கிறது என்பது இதிலேயே தெரியும். பிடி உள்ள பதவியை நிரப்புவதில் நமக்குச் சொல் இல்லை என்பதுதான் என் வருத்தம். 2021 பிப்ரவரியில் கிரண் பேடி நீக்கப்பட்ட பிறகு, தெலங்கானா ஆளுநர் தமிழிசையும் அவருக்குப் பின் ஜார்க்கண்ட் ஆளுநர் சி.பி. இராதாகிருஷ்ணனும் கூடுதல் பொறுப்பாகவே நம்மைப் பார்த்துக்கொண்டார்கள். கைலாஷ்நாதன் முழுநேரமாக வந்தது 2024 ஆகஸ்டில். மேற்கு வர்ஜீனியாவில் ஓராண்டு தாண்டக் கூடாது என்ற பொறுப்பு ஏற்பாடு, இங்கே மூன்றரை ஆண்டு நீடித்தது.

மறுமொழி 3 (வாக்காளர், நெல்லித்தோப்பு)

வழக்கறிஞர் ஐயாவின் வருத்தம் எனக்கும் உண்டு. ஆனாலும் ஆட்சித் தலைவருக்காக நாங்கள் வாக்களித்த இடைத்தேர்தல் ஒன்றும் நடந்திருக்கிறது. 2016இல் நாராயணசாமி சட்டமன்ற உறுப்பினராக இல்லாமலே முதலமைச்சரானார். ஆறு மாதத்துக்குள் உறுப்பினராக வேண்டும் என்பதால் நவம்பர் 19 அன்று எங்கள் தொகுதியில் வாக்குப்பதிவு. பணமதிப்பிழப்பு அறிவிக்கப்பட்டுப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. பழைய நோட்டை மாற்றியபோது வங்கியில் வைத்த மை என் வலக்கை ஆள்காட்டி விரலில் அழியாமல் இருக்க, வாக்குச்சாவடியில் இடக்கையை நீட்டினேன். ஒரு தொகுதியின் வாக்காளர்கள் முதலமைச்சர் நீடிப்பாரா என்பதை முடிவு செய்த நாள் அது. அமெரிக்கச் சிறப்புத் தேர்தலுக்கு இணையாக நம் ஊரில் எதையாவது காட்ட வேண்டுமென்றால் இதைக் காட்டுங்கள் டீச்சர்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. நெல்லித்தோப்பிலிருந்து வரும் பிள்ளைகள் இருவர் என் வகுப்பில் இருக்கிறார்கள். அந்த நாளைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரச் சொல்லப்போகிறேன். கரும்பலகையில் ஒரிகன் ஆளுநரின் பெயருக்கு நேரே நம் முதலமைச்சரின் பெயரையே எழுதுவேன்.