புதுப்பிப்பு: ஃப்ரீ ஏஜென்ட் இழப்பீட்டு விதி முடிவாகிவிட்டது

ஒப்பந்தம் முடிந்து வேறு அணிக்குப் போகும் ஆட்டக்காரருக்காக, அதாவது ஃப்ரீ ஏஜென்டுக்காக, பழைய அணிக்கு என்ன ஈடு தருவது என்று போன மாதம் கேட்டிருந்தேன். சுங்கை சிப்புட்டில் இணையத்தில் ஆளுக்கோர் அணி நடத்தி விளையாடும் எங்கள் பேஸ்பால் லீக்காரர்கள் எல்லாரும் ஒட்டுக்கடையில் கூடிப் பேசி முடித்துவிட்டோம்.

நாங்கள் வைத்திருந்தது அமெரிக்காவின் முதல்தர பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கின் பழைய முறை. 'ஏ' தர, அதாவது மேல்வரிசை, ஆட்டக்காரரை எடுக்கும் அணி பெரும்பாலும் தன் முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்பை, அதாவது புதிய ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும்போது முதல் சுற்றில் கிடைக்கும் வாய்ப்பை, இழக்கும். அதனால் ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வந்து பந்து வீசும் அருமையான ரிலீஃப் பிட்சர்கள்கூடச் சீந்துவாரில்லாமல் கிடந்தார்கள். ஓர் இன்னிங்ஸ் வீசுபவருக்காக முதல் சுற்றை யார் விடுவார்? எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

மேஜர் லீக்கே 2012இல் அதை மாற்றிவிட்டது. அதிகச் சம்பளம் வாங்கும் 125 பேரின் சராசரியை ஓராண்டுச் சம்பளமாகப் பழைய அணி தன் ஆட்டக்காரருக்கு முன்வைக்க வேண்டும். அதை மறுத்து அவர் வேறு அணிக்குப் போனால்தான் ஈடு. எங்கள் லீக் சிறியது, அதனால் முதல் 20 பேரின் சராசரி போதும் என்று வைத்தோம். எடுக்கும் அணி இழப்பது இனி இரண்டாம் சுற்றுதான்.

சீசன் நடுவில் வாங்கியவருக்கு ஈடு உண்டா என்பதில்தான் சூடு பறந்தது. "தம்பி, ஜூலையில் வாங்கி நவம்பரில் விடுறதுக்கு எதுக்கு ஈடு?" என்றார் எங்கள் மூத்த அண்ணன். சரியான கேள்வி. மேஜர் லீக்கிலும் கிடையாது, இங்கும் கிடையாது.

அப்புறம், ஒருவருக்கு ஆயுளில் ஒரு முறைதான் இப்படிச் சம்பளம் முன்வைக்கலாம் என்ற விதி இன்னும் பாக்கி. நான் அதற்கு ஆதரவு. வெள்ளிக்கிழமை இரவு வாக்கெடுப்பு.