60 ரூபாய்ப் பூவும் ஊறுகாய் ஜாடியும்

கடையில் மலிவாகக் கிடைக்கிற பூவை வாங்கி வீட்டில் அழகாக வைத்துப் பார்த்தவர்கள், சொதப்பியதையும் சேர்த்து எழுதுங்கள். முதலில் என் கதை.

கோவை மேட்டுப்பாளையம் ரோடு பூ மார்க்கெட்டுக்கு நான் போவதே வெள்ளிக்கிழமைக்கு மல்லியும் செவ்வந்தியும் வாங்கத்தான். போன வருஷம் ஆடியில் ஒருநாள் பதினோரு மணிக்குக் கொஞ்சம் தாமதமாகப் போனபோது, ஒரு கடையில் ஜெர்பரா கட்டுக் கட்டாக வாளியில் நின்றுகொண்டிருந்தது, ஒவ்வொரு பூவுக்கும் பிளாஸ்டிக் சட்டை மாட்டி. விலை கேட்டேன். "முகூர்த்தமே இல்லீங் அம்மணி, மண்டபத்துக்காரங்க எடுக்க மாட்டாங்க, கட்டு 60 குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார். கட்டுக்குப் பத்து பூ. ஒரு முழம் மல்லிக்கே பேரம் பேசுகிற நான் பேசாமல் காசை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் கல்யாணத்துக்கு வந்த கண்ணாடி ஜாடி ஒன்று பரண் மேல் சும்மா இருந்தது. அதை இறக்கிக் கழுவி, விளிம்பு வரைக்கும் தண்ணீர் ஊற்றி, பத்தையும் அப்படியே சொருகினேன். மறுநாள் காலையில் பார்த்தால் பாதிக்கு மேல் கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது, காம்பைத் தொட்டால் வழவழ என்று இருக்கிறது, தண்ணீரில் ஒரு நாற்றம் வேறு. அடுத்த வாரம் அதே கடைக்காரரிடம் போய்ச் சண்டை போடுகிற மாதிரி கேட்டேன். அவர் சிரித்தார். "கழுத்து வரைக்கும் தண்ணி ஊத்துனீங்களா? இதுக்கு மூணு விரல் தண்ணி போதுமுங்க. காம்புல சொணை இருக்குது பாருங்க, முங்குனா அழுகிப்போயிரும்." அதற்கு அப்புறம்தான் காம்பைக் கவனித்துப் பார்த்தேன். அவரைக்காய் மேலே இருக்குமே, அந்த மாதிரி மெல்லிய சுணை. ரோஜாவை வைக்கிற மாதிரி இதை வைக்கக் கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

இரண்டாவது தடவை தண்ணீர் சரி, ஆனால் பார்க்க நன்றாக இல்லை. ஒரே உயரத்தில் பத்து பூ விசிறி மாதிரி விரிந்து நின்றால், ஏதோ ரிசப்ஷன் மேடையில் மிஞ்சியதைத் தூக்கி வந்த மாதிரிதான் இருக்கும். என் கணவர் அதையே வாய்விட்டுச் சொன்னார். கோபத்தில் கத்தரிக்கோலை எடுத்துக் காம்பைப் பாதிக்குப் பாதி வெட்டிவிட்டேன். அதுதான் நல்லதாகப் போயிற்று. அம்மா வீட்டிலிருந்து வந்த பழைய ஊறுகாய் ஜாடி, பாதி மஞ்சள் பாதி வெள்ளைப் பீங்கான், வாய் சின்னது, பூ சாயாது. அதில் நான்கு. காலியான பன்னீர் பாட்டில்களில் ஒவ்வொன்றாக மூன்றை ஜன்னல் திண்டில். ஒன்று பாத்ரூம் அலமாரியில். மீதி இரண்டை மரிக்கொழுந்தோடு ஒரு டம்ளரில் போட்டு டைனிங் டேபிளில். அதே 60 ரூபாய்தான், ஆனால் வீடு முழுக்கப் பூ இருக்கிற மாதிரி ஆகிவிட்டது.

இதில் ஒரே பிரச்சினை என் மாமியார். "சாமிக்கு வெக்காம ஜன்னலுக்கு வெக்கறா பாரு" என்று முதல் நாள் சொன்னார், நான் காதில் வாங்கவில்லை. மறுநாள் எழுந்து வந்தால் பன்னீர் பாட்டிலில் காம்பு மட்டும் நிற்கிறது. பூ மூன்றும் முருகர் படத்துக்கு மேலே இருக்கிறது. என்ன சொல்வது? அன்றிலிருந்து கட்டு வாங்கி வந்ததும் இரண்டை முதலிலேயே அத்தை கையில் கொடுத்துவிடுகிறேன்.

* * *

உங்களுக்காவது மாமியார், எனக்கு மொத்த அபார்ட்மெண்ட்டே வந்துவிட்டது அக்கா.

நான் சென்னை. கோயம்பேட்டில் காம்போடு வெள்ளைச் சாமந்தி இரண்டு கட்டும், கூடவே சம்பங்கியும் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கி வந்து, வாசலுக்குப் பக்கத்தில் ஒரு உயரமான ஸ்டாண்டில் வட்டமாக, இடைவெளியே இல்லாமல், மிகவும் நேர்த்தியாக வைத்தேன். சாயங்காலம் எதிர் வீட்டு சார் வந்தார். செருப்பைத் தள்ளியே கழற்றிவிட்டு, மெதுவாக உள்ளே வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்போ தம்பி?" என்றார். "எது சார்?" என்றேன். "இல்ல... வாசல்ல பார்த்தேன்..." என்று இழுத்தார். உள்ளேயிருந்து அப்பா பனியனோடு காபி டம்ளரைப் பிடித்தபடி வந்த பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது.

பூவின் மேல் தப்பில்லை. சம்பங்கி கல்யாண மாலையிலும்தான் இருக்கிறது. வெள்ளையை வட்டமாக, நெருக்கமாக, வாசலில் வைத்ததுதான் வினை. இப்போதெல்லாம் சம்பங்கியை மட்டும் தனியாக, ஐந்தாறு தண்டு, பாட்டியின் பித்தளைச் செம்பில் போட்டு ஹாலில் வைக்கிறேன். கீழ் மொட்டு முதலில் விரியும், அப்புறம் ஒவ்வொரு அடுக்காக மேலே ஏறும். காய்ந்ததைக் கீழிருந்து கிள்ளிக்கொண்டே வந்தால் ஒரு வாரம் ஓட்டலாம். நுனியில் இருக்கிற பொடி மொட்டுகளை வாங்கிய அன்றே கிள்ளி எறிந்துவிடுங்கள், அவை எப்படியும் விரியாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் வாசம் தூக்கும். தலைவலிக்காரர்கள் படுக்கையறையில் வைக்க வேண்டாம், அனுபவத்தில் சொல்கிறேன்.

* * *

ரோஜா வாங்குகிறவர்களுக்கு ஒன்று. ஓசூர்ப் பக்கத்திலிருந்து வருகிற நீளக் காம்பு ரோஜா, கட்டுக்கு 20 பூ. வாங்கி வந்த மறுநாளே மொட்டு தலை கவிழ்ந்தால் பழைய பூ என்று தூக்கிப் போடாதீர்கள். காம்புக்குள் காற்றுக் குமிழி அடைத்துக்கொண்டு தண்ணீர் மேலே ஏறாமல் இருக்கலாம். ஒரு வாளித் தண்ணீருக்குள்ளேயே காம்பைப் பிடித்து, அடியில் ஒரு அங்குலம் சரிவாக வெட்டுங்கள். பூவையெல்லாம் சேர்த்து நியூஸ்பேப்பரில் இறுக்கமாகச் சுற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுத்தளவுக்கு இரண்டு மணி நேரம் நிற்க வையுங்கள். போன மாசம் 20-இல் 16 நிமிர்ந்துவிட்டது. தண்ணீருக்குள் போகிற இலையையெல்லாம் உருவிவிட வேண்டும், ஒன்று இருந்தாலும் தண்ணீர் கெட்டுவிடும்.

ஆஸ்பிரின் மாத்திரை, செப்புக் காசு எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று, எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வெறும் சர்க்கரை போட்டால் ஒரே நாளில் தண்ணீர் கலங்கிப் போகிறது. தினமும் தண்ணீரை மாற்றுவதற்குச் சோம்பல்பட்டுக்கொண்டு வைத்தியம் தேடுகிறோம், வேறென்ன.

அப்புறம் மாம்பழம். மே மாசம் டைனிங் டேபிளில் பழுத்த மாம்பழக் கூடைக்குப் பக்கத்தில் கார்னேஷன் வைத்தேன். இரண்டே நாளில் இதழெல்லாம் உள்பக்கமாகச் சுருண்டு தூங்கிவிட்டது. பழுக்கிற பழத்திலிருந்து எத்திலீன் வாயு வருகிறது, கார்னேஷனுக்கு அது ஆகவே ஆகாது. அதே கட்டில் மீதியைப் பக்கத்து அறையில் வைத்திருந்தேன், அது பத்து நாள் தாண்டியது.

* * *

இங்கே லண்டன் ஈஸ்ட் ஹாமில் கதை வேறு. குளிர்காலம் முடிகிற சமயத்தில் சூப்பர்மார்க்கெட்டில் ஒரு கட்டு டேஃபடில் ஏறக்குறைய ஒரு பவுண்டுக்குக் கிடைக்கும், ஆனால் வாங்கும்போது பூவே இருக்காது, பச்சைத் தண்டும் மூடிய மொட்டும் மட்டும்தான், ரப்பர் பேண்ட் போட்டு. அப்படி இரண்டு கட்டு வாங்கி வந்து சமையல் மேடையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா போன் செய்தார்: "வெங்காயத்தாள் நல்லா இளசா இருக்கு, முட்டைப் பொரியலுக்குப் போட்டுடவா?" எனக்கு உயிரே போய்விட்டது. அது விஷம், வாந்தியும் வயிற்றுவலியும் வரும். அம்மாவைக் குறை சொல்லவே முடியாது. 2015-இல் இங்கிலாந்துப் பொதுச் சுகாதாரத் துறையே, காய்கறிப் பக்கத்தில் டேஃபடிலை வைக்காதீர்கள், மக்கள் வெங்காயத்தாள் என்று எடுத்துப் போகிறார்கள் என்று சூப்பர்மார்க்கெட்டுகளுக்குச் சொல்லியிருக்கிறது.

சரி, பூ விஷயத்துக்கு வருகிறேன். வெட்டிய டேஃபடில் தண்டிலிருந்து கோழை மாதிரி ஒரு பால் வடியும். அதே ஜாடியில் டூலிப்பையும் சேர்த்து வைத்தால் டூலிப் சீக்கிரம் வாடிவிடும். டேஃபடிலைத் தனி வாளியில் ஒரு ராத்திரி வடிய விட்டு, மறுபடி வெட்டாமல் சேர்க்கலாம். நான் சேர்ப்பதே இல்லை, ஜாம் பாட்டிலில் தனியாக வைத்துவிடுவேன். டூலிப் இன்னொரு ரகம். வெட்டி வைத்த பிறகும் வளரும். திங்கட்கிழமை ஜாடிக்குள் அடக்கமாக இருந்தது, வெள்ளிக்கிழமை ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துக் கழுத்தை நீட்டிக்கொண்டு எட்டிப் பார்க்கும். முதலில் வெட்டி வெட்டிச் சரி செய்துகொண்டிருந்தேன், இப்போது அதன் இஷ்டத்துக்கு விட்டுவிட்டேன், அதுதான் அழகாகவும் இருக்கிறது.

* * *

முட்டைப் பொரியல் கதையை வீட்டில் படித்துக் காட்டினேன், அத்தை சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது.

என்னுடையதில் ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். காம்பு ஓய்ந்த பூவைத் தலையை மட்டும் நறுக்கி உருளியில் தண்ணீர் ஊற்றி மிதக்க விடுங்கள், இன்னும் இரண்டு நாள் கிடைக்கும். இந்த வாரம் வளர்பிறை முகூர்த்தம், கட்டு 110 சொன்னார், நானும் முனகிக்கொண்டே ஒரு கட்டு எடுத்தேன், சிவப்பு மட்டும்தான் இருந்தது. வழக்கம் போல அத்தை கையில் இரண்டைக் கொடுத்தேன். வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "போன வாரம் ஜன்னல்ல வெச்சிருந்தியே, அந்த ஆரஞ்சு கெடைக்கலையா?" என்கிறார்.