ஹீட் பம்ப் சில்லர் ஓடுகிறது, மண்டபம் குளிரவில்லை

கண்டிவீதி:
அண்ணைமார், கிளிநொச்சியில் ஒரு கலியாண மண்டபத்தின் பராமரிப்பு வேலை என் பொறுப்பில் இருக்கிறது. 65 கிலோவாட் காற்றுக் குளிர்ப்பு ஹீட் பம்ப் சில்லர் (தண்ணீரைக் குளிர்த்திக் குழாயில் அனுப்பும் மெஷின், தேவையென்றால் சூடாக்கவும் செய்யும்), ஆர்410ஏ என்ற குளிரூட்டும் காஸ், அதை அழுத்த இரண்டு ஸ்க்ரோல் கொம்பிரசர். மாரியில் மேல் அறைகளுக்குச் சுடுநீரும் எடுக்கலாம் என்று முதலாளி இந்த வகையை வாங்கினார், ஆனால் ஒருநாளும் ஹீட்டிங் பக்கம் போட்டதில்லை. சித்திரை வரை குறையே இல்லை. இப்போது முந்நூறு பேர் இருந்தால் மண்டபம் 29 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. சில்லருக்குப் பக்கத்து அறைகள் பரவாயில்லை, மணவறைப் பக்கத்து பான் கொயில்களில் (குளிர்நீர்க் குழாயின் மேல் காற்று ஊதும் பெட்டிகள்) வெறும் காற்றுத்தான் வருகிறது. ரெக்னீசியன் ஒருவர் வந்து சக்‌ஷன் பிரஷர் (கொம்பிரசர் உறிஞ்சும் பக்கத்துக் காஸ் அழுத்தம்) குறைவு என்று 2 கிலோ காஸ் ஏற்றினார். குளிர் கூடவில்லை, அதற்குமேல் நண்பகலில் ஹை பிரஷரில் ட்ரிப் ஆகவும் (காஸ் அழுத்தம் கூடித் தானாக நிற்கவும்) தொடங்கிவிட்டது. ஆனி முகூர்த்தங்கள் நிறைய இருக்கின்றன, பொம்பிளை வீட்டார் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. எங்கே தொடங்குவது?

மாங்குளம் சேர்விஸ்:
தம்பி, ஹீட் பம்ப் என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது நான்கு வழி வால்வைத்தான், காஸின் போக்கைத் திருப்பிக் குளிரையும் சூட்டையும் மாற்றுவது அதுதான். உள்ளே ஸ்லைடு சரியாக உட்காராவிட்டால் கொம்பிரசர் தள்ளும் சூடான டிஸ்சார்ஜ் காஸ் நேரே சக்‌ஷனுக்குக் கசியும், கொம்பிரசர் ஓடிக்கொண்டே இருக்கும், குளிர் மட்டும் வராது. வால்வுக்குள் வரும் குளிர்ந்த குழாயிலும் அங்கிருந்து கொம்பிரசருக்குப் போகும் குழாயிலும், வால்வு உடம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, வெப்பநிலை பாருங்கள். மூன்று பாகைக்கு மேல் வித்தியாசம் என்றால் கசிவு. சூட்டை வெளியே விடும் கொன்டென்சரின் சிறகுகளையும் உள்ளிருந்து வெளியே தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். சோளகம் தொடங்கினால் நம்ம பக்கத்துச் செம்புழுதி ஒரு கிழமையிலேயே அடைத்துவிடும்.

வவுனியா குளிர்:
வால்வை யோசிப்பது சரிதான், ஆனால் வால்வு கசிந்தால் சக்‌ஷன் பிரஷர் கூட வேண்டும். இவர் குறைவு என்கிறார். அதனால் வேறு எதையும் தொடுவதற்கு முன் தண்ணீர்ப் பக்கத்தைப் பாருங்கள். எங்கள் ஆட்கள் கேஜைக் கையில் எடுத்தவுடன் காஸைத்தான் நினைக்கிறார்கள், எனக்கு அதுதான் மனவருத்தம்.

மூன்று எண்கள் தாருங்கள்: சில்லருக்கு வரும் தண்ணீரும் போகும் தண்ணீரும் எத்தனை பாகை, பம்பின் முன்னும் பின்னும் கேஜ் எவ்வளவு, கொம்பிரசர் இரண்டும் ஓடும்போது சக்‌ஷன் எவ்வளவு. கிலோவாட்டை 0.86 ஆல் பெருக்கி, வரும் போகும் தண்ணீரின் வித்தியாசத்தால் வகுத்தால் மணிக்கு எத்தனை கனமீற்றர் தண்ணீர் ஓட வேண்டும் என்று கிடைக்கும். உங்கள் சில்லருக்கு 5 பாகை வித்தியாசத்தில் ஏறக்குறைய 11 கனமீற்றர் வேண்டும்.

கண்டிவீதி:
நன்றி அண்ணை, இன்று எடுத்தேன். போகும் தண்ணீர் 8, வரும் தண்ணீர் 17. கொஞ்ச நேரத்தில் ஒரு கொம்பிரசர் தானாக நிற்கிறது, இடைக்கிடை தண்ணீர் ஓட்டம் குறைவு என்று ஃப்ளோ அலாரமும் காட்டுகிறது. இரண்டும் ஓடும்போது சக்‌ஷன் 95 பி.எஸ்.ஐ. பம்பின் உறிஞ்சும் பக்கம் 1.2 பார், தள்ளும் பக்கம் 1.9. பம்பின் நேம் பிளேட்டில் 22 மீற்றர் உயரத்துக்குத் தள்ளும் என்று அடித்திருக்கிறது. மாங்குளம் அண்ணை சொன்னபடி வால்வையும் பார்த்தேன், ஒரு பாகைதான் வித்தியாசம். தண்ணீர் வடிகட்டும் ஸ்ட்ரெயினரைக் கழற்றிப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கேத்தலிலேயே வெள்ளை படியும், ஒருவேளை சில்லருக்குள் காஸ் தண்ணீரைக் குளிர்த்தும் பிளேட் எக்ஸ்சேஞ்சரில் கல் பிடித்துவிட்டதா?

வவுனியா குளிர்:
கல் பிடித்துப் பாதை அடைத்திருந்தால் பம்பின் இரு பக்க வித்தியாசம் கூடியிருக்கும். பம்ப் தள்ளப் பார்க்கும், தண்ணீர் போகாது, கேஜ் ஏறும். உங்களுக்கு 22 மீற்றர் பம்பில் 0.7 பார்தான், அதாவது 7 மீற்றர். தண்ணீரும் குறைவு, அழுத்தமும் குறைவு என்றால் பம்ப் ஒழுங்காகத் தள்ளவில்லை என்றுதான் அர்த்தம். 9 பாகை வித்தியாசமும் அதையே சொல்கிறது: வருகிற கொஞ்சத் தண்ணீரைச் சில்லர் கெதியாகக் குளிர்த்திவிட்டு வேலை முடிந்தது என்று ஒரு கொம்பிரசரை நிறுத்துகிறது. தூரத்துப் பான் கொயிலுக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. 95 பி.எஸ்.ஐ என்றால் காஸ் கொதிப்பது பூச்சியத்துக்கும் கீழே, அதுவும் தண்ணீர் குறைவால் வருவதுதான். அந்த ரெக்னீசியன் பார்த்தது இதைத்தான், காஸ் குறைவு என்று நினைத்துவிட்டார்.

பம்பில் காற்றுப் பிடித்திருக்கலாம், இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) தேய்ந்திருக்கலாம்.

பரந்தன் வயர்மன்:
குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள், நான் சில்லர்க்காரன் இல்லை, கரண்ட் வேலை செய்கிறவன். சித்திரைக்குப் பிறகு என்றீர்கள். அந்த இடி மழைகளில் உங்கள் பக்கம் ட்ரான்ஸ்ஃபோமரோ லைனோ மாற்றினார்களா? மாற்றிய பிறகு சில்லர் பேஸ் பிழை காட்டியதா? இன்னொன்று, மேல் தாங்கி நிரம்ப இப்போது முன்பைவிட நேரம் எடுக்கிறதா?

கண்டிவீதி:
அண்ணை, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்! சித்திரை வருடப்பிறப்புக்கு அடுத்த கிழமை இடி விழுந்து ட்ரான்ஸ்ஃபோமர் மாற்றினார்கள். அன்று சில்லர் ஸ்டார்ட் ஆகவில்லை, பேஸ் பிழை காட்டியது. எலக்ட்ரீசியன் சில்லர் ஐசோலேட்டரில் இரண்டு வயரை மாற்றினார், ஓடியது, விட்டுவிட்டோம். மேல் தாங்கி முன்பு ஒரு மணித்தியாலத்தில் நிரம்பும், இப்போது இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். கிணறு வற்றுகிறது என்று நினைத்தோம்.

பரந்தன் வயர்மன்:
அப்போ இதுதான். மூன்று பேஸ் வயர்களின் வரிசை தலைகீழாக வந்திருக்கிறது, அப்படி வந்தால் மோட்டார் பின்பக்கமாகச் சுற்றும். சில்லருக்குள் அந்த வரிசையைக் கவனிக்கும் ரிலே இருப்பதால் அது பிழையைக் காட்டியது, அதன் விசிறிகளும் அதே லைனில் என்பதால் அதோடு சேர்ந்து சரியாகிவிட்டன. தண்ணீர்ப் பம்பும் கிணற்று மோட்டாரும் வேறு போர்டில், அவற்றைக் காப்பாற்ற எந்த ரிலேயும் இல்லை. சுழல் பம்ப் பின்பக்கமாகச் சுற்றினாலும் தண்ணீர் அதே பக்கம்தான் போகும், ஆனால் குறைவாக. அதனால்தான் ஒருவரும் கவனிப்பதில்லை. அதே கிழமை இங்கே ஓர் அரிசி ஆலையில் நெல் ஏற்றும் பெல்ட் பின்னுக்கு ஓடியது, அது கண்ணுக்குத் தெரிந்ததால் அன்றே மாற்றினார்கள். பம்பை நிறுத்தி, நிற்கப் போகும் நேரத்தில் மோட்டார் பின் விசிறி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள், உடம்பில் அம்புக்குறி இருக்கும். மாற்றுவதென்றால் மெயினை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். சுற்றும் திசை பிழையாக இருக்கக்கூடிய எல்லா மூன்று பேஸ் மோட்டாரையும் ஒரே நாளில் பாருங்கள்.

கண்டிவீதி:
அம்புக்குறிக்கு எதிர்ப்பக்கம்தான் சுற்றியது. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு இரண்டு வயரை மாற்றினோம். பம்பின் இரு பக்க வித்தியாசம் 2.1 பார், போகும் தண்ணீர் 9, வரும் தண்ணீர் 14, கொம்பிரசர் இரண்டும் நிற்காமல் ஓடுகின்றன. மணவறைப் பக்கம் ஒரு மணித்தியாலத்தில் 25 பாகை. மேல் தாங்கியும் பழையபடி. ஆனால் மத்தியான ட்ரிப் இன்னும் இருக்கிறது.

வவுனியா குளிர்:
சந்தோஷம் தம்பி. அந்த ட்ரிப் அந்த 2 கிலோவால்தான், கூடுதல் காஸ் கொன்டென்சரில் தேங்கி நிற்கிறது. எவ்வளவு ஏற்றினார் என்பதை நம்பாதீர்கள். முழுவதையும் ரிகவரி மெஷினால் சிலிண்டருக்கு எடுத்து, வெக்யூம் போட்டு, நேம் பிளேட்டில் உள்ள எடையைத் தராசில் வைத்துத் திரவமாக ஏற்றச் சொல்லுங்கள். காற்றில் திறந்துவிட விட வேண்டாம், ஒரு கிலோ ஆர்410ஏ இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட கரியமில வாயுவுக்குச் சமமான சூட்டைத் தரும்.

அப்புறம் பம்ப் இரண்டு மாதம் பின்னால் சுற்றியிருக்கிறது. இம்பெல்லர் மரை போட்டு இறுக்கிய வகையென்றால் தளர்ந்திருக்கலாம். வரும் கிழமை காது கொடுத்துக் கேளுங்கள், உரசும் சத்தமோ சீலில் ஒழுக்கோ இருந்தால் அடுத்த முகூர்த்தத்துக்கு முன் திறந்து பாருங்கள்.