முயல் தீவனம் போட்டு நான் பட்ட பாடு

மொட்டைமாடி, சென்னை:

போன வருடம் நடந்தது. எங்கள் வீட்டில் இரண்டு கினிப் பன்றிகள்: பட்டாணி, சுண்டல். (அகராதியில் சீமைப்பெருச்சாளி என்று இருக்கிறது. அந்தப் பெயரைச் சொன்னால் மாமியார் வீட்டுக்குள் விடமாட்டார் என்பதால் மூச்சு விடவில்லை.) வாங்கிய கடையில், "முயலுக்குப் போடறதுதான் சார் இதுக்கும்" என்று குச்சித் தீவனத்தை (அரைத்துச் சின்னக் குச்சிகளாக அழுத்தியது) ஐந்து கிலோ மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார்கள். கீரை, காய் கொடுத்தால் வயிறு போகும் என்று பயமுறுத்தியதால் அந்தப் பக்கமே போகவில்லை.

ஃப்ரிட்ஜ் கதவு திறந்தாலே 'வீக் வீக்' என்று கத்திக்கொண்டு ஓடிவரும் பட்டாணி, ஒருநாள் வரவில்லை. முடி சிலிர்த்து மூலையில் உட்கார்ந்திருந்தது. தூக்கினால் வலியில் கத்தியது. பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்தது. எங்கேயோ விழுந்து அடிபட்டிருக்கும் என்று நினைத்துத்தான் கொண்டுபோனேன். மருத்துவர் கால் மூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "என்ன சாப்பாடு போடறீங்க?"

வைட்டமின் சி குறைபாடு. முயலின் உடம்பு அதைத் தானே தயாரித்துக்கொள்ளும். கினிப் பன்றிக்கு, நம்மைப் போலவே, அந்தக் கொடுப்பினை இல்லை. உடல் எடையில் கிலோவுக்குத் தினம் 10 முதல் 30 மில்லிகிராம் வரை வெளியிலிருந்து வந்தாக வேண்டும். முயல் தீவனத்தில் அதைச் சேர்க்க யாருக்கு என்ன அவசியம்? சுண்டல் மட்டும் எப்படித் தப்பித்தது என்று பார்த்தால், என் மகள் யாருக்கும் தெரியாமல் அதற்குக் கொத்தமல்லித் தழை ஊட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். ஊசி, மருந்து, தினம் ஒரு துண்டு குடைமிளகாய் என்று பட்டாணியும் தேறிவிட்டது.

இப்போதெல்லாம் பாக்கெட்டின் முன்பக்கத்துப் படத்தைப் பார்ப்பதே இல்லை, திருப்பிப் பின்பக்கம்தான். முதலில் எழுதியிருப்பது திமோத்தி புல்லா, சோளமா? வைட்டமின் சி சேர்த்திருக்கிறார்களா? முக்கியமாக, தயாரித்த தேதி. அந்த வைட்டமின் நாளாக நாளாகச் செத்துவிடும், சென்னை வெயிலில் கேட்கவே வேண்டாம். தயாரித்து மூன்று மாதத்துக்குள் தீர்ந்துவிடும் அளவுக்குச் சின்ன பாக்கெட்டாகத்தான் வாங்குகிறேன். உருப்படிக்கு ஒருநாளைக்கு இரண்டு மேசைக்கரண்டி, அவ்வளவுதான்.

கோவைவாசி:

எங்கள் கதை வேறு. கலர் கலராக இருந்த கலவைத் தீவனத்தில் ஏமாந்தோம். மக்காச்சோள அவல், சூரியகாந்தி விதை, நடுவில் கொஞ்சம் பச்சைக் குச்சி. பிள்ளைகள் மிக்சரில் முந்திரியைப் பொறுக்குவார்களே, அதே மாதிரி எங்கள் ஆள் மஞ்சள் அவலை மட்டும் தின்றுவிட்டுக் குச்சியை ஒதுக்கிவிடுவான். சத்து இருந்ததே அந்தக் குச்சியில்தான்.

சரி என்று அடுத்து வாங்கியது குதிரைமசாலில் செய்தது, அதாவது ஆல்ஃபால்ஃபா. குட்டிக்கும் சினைக்கும் அது நல்லது. ஆறு மாதம் தாண்டியதற்கு அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து அதிகம். விரித்த துணியில் சிறுநீர் காய்ந்த இடமெல்லாம் கோலமாவு சிந்தியது போல வெள்ளைத் தூள். எக்ஸ்ரே எடுத்தோம். கல் உருவாவதற்குள் பிடித்துவிட்டோம்.

வைகைக்கரை:

சிரிக்காதீர்கள். 'ஹே' என்றால் வைக்கோல் என்று நினைத்து, பால்காரரிடம் ஒரு கட்டு வாங்கிப் போட்டேன். என் ராணி அதை மோந்து பார்த்துவிட்டு மேலே ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டாள். நெல்லை அடித்தெடுத்த பிறகு தாளில் என்ன சத்து இருக்கும்? ஹே என்பது புல்லைப் பச்சையிலேயே அறுத்துக் காயவைப்பது. சாப்பாட்டில் பெரும்பகுதி அதுதான், குச்சித் தீவனம் தொட்டுக்கொள்ளத்தான். இவற்றுக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். குச்சி வாயில் போட்டதும் பொடிந்துவிடுகிறது, புல்லை அரைத்து அரைத்து மென்றால்தான் பல் தேயும். திமோத்தி விலை கட்டுப்படியாகாத மாதத்தில் அருகம்புல்லையும் சேர்த்துக்கொள்கிறேன். பிள்ளையார் கோயில் வாசலில் கட்டாகக் கிடைக்கும், நன்றாக அலசி ஈரம் போன பிறகு போடுவேன்.

ஓய்வு பெற்ற வாத்தியார்:

மொட்டைமாடி தம்பிக்கு நடந்தது 1907இலேயே நடந்திருக்கிறது! நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிச் என்ற இருவர் பெரிபெரி நோயை ஆராயக் கினிப் பன்றிகளுக்குத் தானியம் மட்டும் போட்டார்கள். பெரிபெரி வரவில்லை, வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி வந்து நின்றது. கடலோடிகளின் ஈறில் ரத்தம் வரவைத்த அதே ஸ்கர்வி.

மொட்டைமாடி, சென்னை:

வாத்தியார் ஐயா, இதை அந்தக் கடைக்காரரிடம் சொன்னால், "நார்வேல குளிர் சார்" என்பார்.

தீவனத்தை எப்படி மாற்றினேன் என்று தனியாகக் கேட்டவருக்கு: ஒரே நாளில் மாற்றினால் இரண்டும் பட்டினி கிடக்கும், இவற்றின் குடல் சும்மா இருந்தால் ஆபத்து. முதல் நாள் பழையதில் புதியதைக் கால் பங்கு கலந்தேன், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி இரண்டு வாரத்தில் முடித்தேன். மீதமிருந்த மூட்டை கீழ்வீட்டு முயலுக்குப் போய்விட்டது.